போப்பையர் கல்லறையில் இல்லாத வரி

தமிழ் படித்த யாரிடமும் ஜி.யு.போப் என்று சொன்னால் போதும், அடுத்த நொடியே அந்த வரி வந்து விழும்: "என் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதுங்கள்." பட்டிமன்ற மேடையில் கேட்டிருக்கிறோம், பள்ளி ஆண்டு மலரில் படித்திருக்கிறோம். தாய்மொழி நாள் வந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் அது தவறாமல் ஒரு சுற்று வரும், பெரும்பாலும் யாரோ ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் படத்தோடு. சில வேளைகளில் படத்தில் இருப்பவர் போப்பே இல்லை. அதையும் நாம் கண்டுகொள்வதில்லை.

அந்த வரி கல்லறையில் இல்லை. இது பெரிய ரகசியமும் இல்லை. ஆக்ஸ்ஃபர்டு போய்ப் பார்த்தவர்கள் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், கல்லில் உள்ள எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். படித்தவர்களும் உண்டு. ஆனாலும் வரி சாகவில்லை. அதுகூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. கட்டுக்கதை இல்லாத புலவர் நம்மிடம் யார் இருக்கிறார்? ஔவையாருக்கே எத்தனை கதைகள். என் மனத்தில் கிடந்து அரித்தது வேறு. இல்லாத ஒரு வரியைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிற வரிகளைப் படிக்காமல் திரும்புகிறார்கள். பக்கத்தில் யார் கிடக்கிறார்கள் என்று தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. போப்பின் கதையில் பாதி அவர் கிடக்கும் கல்லறைத் தோட்டத்தின் மற்றக் கல்லறைகளில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வால்டன் தெருவுக்குள் ஒதுங்கிய தோட்டம்

ஆக்ஸ்ஃபர்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கல்லூரிக் கோபுரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வடமேற்கே கொஞ்சம் நடந்தால் ஜெரிக்கோ என்ற பகுதி. இன்று வாடகை கேட்டால் மயக்கம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அச்சுத் தொழிலாளிகளும் வார்ப்படக்காரர்களும் குடியிருந்த தாழ்ந்த நிலம், சாக்கடை சரியில்லாத இடம். காலரா வந்தபோதெல்லாம் முதலில் அடி வாங்கியது இங்கேதான். ஊரின் பழைய கோவில் வளாகங்களில் புதைக்க இடமில்லாமல் போனதும் நகருக்கு வெளியே புதிய கல்லறைத் தோட்டங்கள் தேவைப்பட்டன. அப்படி 1848-இல் திறந்ததுதான் போப் கிடக்கும் செயின்ட் செபல்கர்ஸ். செயின்ட் ஜைல்ஸ், செயின்ட் மேரி மக்தலேன், செயின்ட் மைக்கேல், செயின்ட் பால் என்று நான்கு சபைகளுக்கு அதற்குள் தனித்தனிப் பகுதி. நம் ஊரில் கிராமத்துக்கு ஒரு மூலை ஒதுக்குவதுபோல இங்கே சபைக்கு ஒரு மூலை.

வால்டன் தெருவிலிருந்து ஒரு சந்து. அதன் முனையில் காவலர் இருப்பதற்கென்று கட்டிய சின்னக் கல் வீடு. உள்ளே போனால் நீளப் பாதை, இருபுறமும் மரங்கள். முன்பு நடுவில் ஒரு சிற்றாலயம் இருந்தது, 1970-இல் இடித்துவிட்டார்கள். பக்கத்தில் இரும்பு வார்ப்படச் சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்கு வீடுகள். (ஆக்ஸ்ஃபர்டு தெருவிளக்குக் கம்பங்களின் அடியில் குனிந்து பார்த்தால் 'லூசி' என்ற பெயர் தெரியும். அந்தச் சாலையில் வார்த்தவை.) சில கல்லறைகளில் புல் இடுப்பளவு நிற்கும். வெட்டாமல் விட்டதைப் பார்த்துப் பராமரிப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். தன்னார்வலர்கள் கவனமாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வண்ணத்துப்பூச்சிக்கும் பறவைக்கும் என்று சில இடங்களை அப்படியே விடுகிறார்கள். அவர்கள் செய்த இன்னொரு வேலை எனக்குப் பிரமிப்பு. கல்லறை கல்லறையாகப் போய், உள்ளே இருப்பவர் யார், எந்தத் தெருவில் குடியிருந்தார், என்ன தொழில், எத்தனை பிள்ளைகள் என்று பதிவேடுகளைத் துழாவி எழுதி வைத்திருக்கிறார்கள். பேராசிரியருக்கு எவ்வளவு இடமோ, கல்லூரிச் சமையல்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு இடம்.

இங்கே பெரிய பெயர் ஒன்று தாமஸ் கோம். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகத்தை நடத்தியவர், 1872-இல் இறந்தவர். அச்சகம் இதே வால்டன் தெருவில்தான் இருக்கிறது. கல்லறையிலிருந்து பொடிநடையாகச் சில நிமிடம். பைபிள் அச்சிட்டு அச்சகம் கொழித்த காலம் அது. வந்த பணத்தில் கோம் ஓவியர்களை ஆதரித்தார், தொழிலாளிகளுக்காக ஜெரிக்கோவில் செயின்ட் பார்னபாஸ் கோவிலைக் கட்டிக்கொடுத்தார். தன் அச்சுக் கோப்பாளர்கள் கும்பிடத் தன் செலவில் கோவில், அப்புறம் அவர்களோடு சேர்ந்து ஒரே தோட்டத்தில் மண். முதலாளி என்றால் இப்படியும் ஒரு வகை இருந்திருக்கிறது. அவருக்கும் தமிழுக்கும் நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வளர்த்துவிட்டுப் போன அதே அச்சகத்தில்தான் 1893-இல் போப்பின் நாலடியார் பதிப்பும், 1900-இல் திருவாசகமும் வெளிவந்தன. தமிழ் மூலமும் ஆங்கிலமும் சேர்ந்தே. 'நமச்சிவாய வாழ்க' என்று ஜெரிக்கோவில் ஓர் ஆங்கிலேயத் தொழிலாளி ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்திருப்பாரே, அவருக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. ஜெரிக்கோவின் அச்சுக் குடும்பங்கள் பல இதே தோட்டத்தில்தான் இருக்கின்றன.

இன்னொரு கல்லறை மானுவல் ஜான்சனுடையது, 1859-இல் இறந்தவர். ராட்கிளிஃப் வானாய்வகத்தின் தலைவர். அவருக்குக் கீழே உதவியாளராக வேலை பார்த்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் வானியலார் பயன்படுத்தும் அளவுமுறையை 1856-இல் சொன்னவர். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபர்டில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ஐசிஸ் என்று பெயர் வைத்தவர் ஜான்சன். போக்சனின் மகள் பெயர் அது. போக்சன் பிறகு எங்கே போனார்? சென்னைக்கு. நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு 1861-இல் தலைமை ஏற்றார், அந்த ஆண்டே அங்கிருந்து ஒரு குறுங்கோளைப் பிடித்து 'ஆசியா' என்று பெயரிட்டார். ஐசிஸ் வளர்ந்து அதே சென்னை ஆய்வகத்தில் அப்பாவுக்கு உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். போக்சன் 1891-இல் சென்னையிலேயே இறந்தார். பெயர் வைத்தவர் வால்டன் தெருவில், பெயருக்குரிய பெண்ணின் அப்பா சென்னை மண்ணில். போப்பைப் பார்க்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆக்ஸ்ஃபர்டுக்கும் சென்னைக்கும் இடையே அந்தக் காலத்தில் எத்தனை வழி இருந்தது, போப் அதில் ஒருவர்தான் என்பது தெரிய வேண்டாமா?

மாமா தேடிய வரி

என் மாமா சாயர்புரத்துப் பக்கம். போப் கல்லூரியில் படித்தவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஜி.யு.போப் என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள்; போப்பையர்தான். கால்டுவெல் ஐயர் மாதிரி, ஏதோ பக்கத்துத் தெருவில் இருந்தவர் மாதிரி. 1842-இல் சாயர்புரத்துக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தவர். மாமாவின் தாத்தாவுக்குத் தாத்தா காலத்து ஆட்களுக்குப் பிரம்படி கொடுத்தவர் என்று ஒரு பேச்சும் உண்டு. அது எவ்வளவு நிஜமோ, ஆனால் அவர் கண்டிப்பான வாத்தியார் என்ற பெயர் சாயர்புரத்திலிருந்து ஊட்டி வரை கூடவே போயிருக்கிறது.

மாமா இங்கிலாந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பக்கிங்ஹாம் அரண்மனை வேண்டாம், தேம்ஸ் வேண்டாம், போப்பையரைப் பார்க்க வேண்டும். கூட்டிப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போனோம். வழியெல்லாம் மாமா வகுப்பு எடுத்தார்: பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820 ஏப்ரல் 24-இல் பிறப்பு, பத்தொன்பது வயதில் சென்னை, இராமானுஜ கவிராயரிடம் பாடம், திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886. அந்த வரியையும் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் சொன்ன குரலிலேயே சொன்னார். எனக்கு உண்மை தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

கல்லின் முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு நிமிர்ந்து, "மருமவனே, மறுபக்கம் இருக்கும், நல்லா பாரு" என்றார். மறுபக்கம் போய்ப் பார்த்த மாதிரி பார்த்தேன். அவரே வந்தார். புல்லை விலக்கினார். அடியில் ஏதாவது புதைந்திருக்கிறதா என்று குனிந்தார். எழுபத்தாறு வயதுக்கு அது லேசான குனிவு இல்லை. "அழிஞ்சிருக்குமோ?" என்றார். "இல்ல மாமா, அப்படி ஒன்னு எழுதவே இல்ல" என்றேன். "யாரு சொன்னா?" என்று என்மேலேயே பாய்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வாத்தியாருக்கே உரிய எரிச்சலோடு, "சரி, இருக்கதையாவது ஒழுங்காப் படி. எழுத்துக் கூட்டிப் படி" என்றார்.

படித்தேன். இறையியல் முனைவர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவர், பேலியல் கல்லூரியின் குருவானவர். பிறந்த நாள், இறந்த நாள்: 1908 பிப்ரவரி 11. அதற்குக் கீழே, இந்தக் கல்லை அவர் குடும்பமும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள். கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த உழைப்பை அன்போடு வியந்து வைத்தார்கள் என்று முடிகிறது.

மாமா ஒரு வார்த்தையும் சொல்லாமல் கேட்டார். கடைசியில் அவர் கேட்ட கேள்வி நான் எதிர்பாராதது. "அப்ப ரூவா நம்மாளுங்க அனுப்பியிருக்காங்க, அப்படித்தான?" என்றார். ஆமாம் என்றேன். "தூத்துக்குடியிலேருந்து கப்பல்லயா, மணியார்டரா?" அது எனக்கு எப்படித் தெரியும்! ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் போய்விட்டிருந்தது. கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். யார் யார் கொடுத்திருப்பார்கள், எவ்வளவு கொடுத்திருப்பார்கள், யார் முன்னின்று வசூலித்திருப்பார்கள். ஊர்க் கோவில் திருப்பணிக்கு நோட்டுப் புத்தகம் தூக்கி அலைந்தவருக்கு அதுதான் முதலில் தோன்றும்.

எனக்கு அந்த இடத்தில்தான் கதை புரிய ஆரம்பித்தது. அந்த வாட்ஸ்அப் கதையின் முழு வடிவத்தில் போப்புக்கு இன்னொரு ஆசையும் உண்டு: கல்லறைச் செலவில் ஒரு பகுதியாவது தமிழர் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று. 'மாணவன்' வரிக்குக் கல்லில் சாட்சி இல்லை. ஆனால் தமிழர் பணத்துக்குச் சாட்சி இருக்கிறது, வெட்டியே வைத்திருக்கிறார்கள். நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது சாட்சி இல்லாததை. நம் ஆட்களே கொடுத்த பணத்தில் வெட்டிய உண்மையை விட்டுவிட்டோம். ஒரு வெள்ளைக்காரர் நம்மிடம் பணிந்து 'நான் மாணவன்' என்று சொன்னதாகக் கேட்பது இனிக்கிறது. அவரை நாம் நண்பர் என்று அழைத்துக் காசு போட்டுக் கல் வைத்ததில் அந்த இனிப்பு இல்லைபோலும். எனக்கு இரண்டாவதுதான் பெருமையாகப் படுகிறது. 1908-இல் ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் கல்லறையில், ஆட்சியாளரின் பல்கலைக்கழக ஊரில், எங்கள் நண்பர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கைகட்டி நிற்கும் பாவனை அதில் எங்கே இருக்கிறது?

பக்கத்தில் கிடக்கும் தலைவர்

இனி, யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கல்லறை. பெஞ்சமின் ஜோவெட், பேலியல் கல்லூரியின் தலைவர், பிளேட்டோவை ஆங்கிலத்தில் தந்தவர். 1893 அக்டோபர் 1-இல் இறந்து இதே தோட்டத்துக்கு வந்தார். பெட்டியின் போர்வை ஓரத்தைப் பிடித்து நடந்தவர்கள் ஏழு ஆக்ஸ்ஃபர்டு கல்லூரிகளின் தலைவர்களும் ஈட்டன் பள்ளியின் தலைவரும். எட்டுப் பேரும் அவருடைய பழைய மாணவர்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை குட்டி இல்லை. ஓர் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய சவ ஊர்வலம் என்ன வேண்டும்?

இந்திய சிவில் சர்வீஸுக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கலாம் என்று முடிவான 1850-களில் அதற்குப் பின்னால் நின்றவர்களில் ஜோவெட்டும் ஒருவர். தேர்வில் தேறிய இளைஞர்களைத் தன் கல்லூரிக்கு இழுத்து, இந்தியாவுக்குக் கப்பலேறும் முன் பயிற்சி கொடுத்தார். சென்னை மாகாணத்துக்குப் போகிறவர்களுக்குத் தமிழும் தெலுங்கும் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் 1884-இல் போப் விரிவுரையாளராக வந்தார். ஆக, போப்பையர் ஆக்ஸ்ஃபர்டில் சோறு தின்றது நாளைய கலெக்டர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து. இதை நம் மேடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும். வரி வசூலிக்க வருபவனுக்கு அகரம் கற்பிக்கும் வேலை ஒன்று இருந்ததால்தான், மிச்ச நேரத்தில் மாணிக்கவாசகர் ஆங்கிலம் பேசினார்.

திருவாசகத்தின் முன்னுரையில் போப் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பேலியல் முற்றத்தில் ஜோவெட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தத் திருவாசக வேலையைப் பற்றிச் சொல்கிறார். இது நீண்ட ஆயுள் கேட்கிற வேலை, எனக்கோ வயதாகிவிட்டது, அவ்வளவு நாள் இருப்பேன் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது என்று தயங்குகிறார். அதற்கு ஜோவெட் சொன்னது, கையில் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கிற வரை நீர் இருப்பீர் என்பது. சொன்னவர் 1893-இல் போய்விட்டார். அப்போது போப்புக்கு வயது எழுபத்து மூன்று. வேலையை விடவில்லை. முடித்து முன்னுரைக்கு நாள் போட்டது 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்த நாள்.

கதை வேண்டுமென்றால் இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? அதுவும் யாரோ கட்டிவிட்டது இல்லை, அவரே எழுதி அச்சில் இருப்பது. வாக்குக் கொடுத்தவரும் அதை நம்பி உழைத்தவரும் ஒரே தோட்டத்தில் இருக்கிறார்கள். அச்சடித்த இடம் அதே தெருவில். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நாம் ஒரு கற்பனை வரிக்காகக் கல்லின் பின்பக்கம் தேடுகிறோம். மாமாவுக்கு இதைச் சொல்லி ஜோவெட்டின் கல்லறையைக் காட்டினேன். "இவரு வாக்கு பலிச்சிருச்சேடா" என்றார். கொண்டுவந்த பூவில் பாதியை இங்கே வைத்தார். பேலியல் கல்லூரித் தலைவருக்கு, நாத்திகர் என்றே சந்தேகப்பட்டுத் தூற்றிய பாதிரிமார்கள் நிறைய இருந்த ஜோவெட்டுக்கு, சாயர்புரத்து சபை மூப்பர் பூ வைத்தார். அவருக்கு அந்த விவரம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

போப்பை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் எனக்கு விருப்பமில்லை. வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதகர்களோடு பழகியிருப்பார், குறளில் அந்த வாடை இருக்கிறது என்று 1886 பதிப்பின் முன்னுரையில் எழுதியவர் அவர். குறளின் காலத்தையும் கி.பி. 800-க்குப் பின்னே தள்ளினார். தமிழறிஞர்கள் அதை ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. ஆனால் திருவாசகத்தின் முன் அதே மனிதர் எப்படி நின்றார் என்று பாருங்கள். ஒரு பாதிரியார், சைவ சித்தாந்தத்தை விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதி, சிவனடியார் ஒருவரின் அழுகையை எண்பது வயது வரை இழைத்து இழைத்து மொழிபெயர்த்தார். அந்த முரண்பாட்டோடு அவரை எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கருத்து வேறுபட்டாலும் வீட்டுக்குள் விடுகிற ஆள் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

ஒரு குடும்பம், இரண்டு ஊர் மண்

கல்லில் 'குடும்பம்' என்று ஒரு சொல்லோடு முடிந்துபோகிறவர்களைப் பற்றிக் கடைசியாக. போப்பின் முதல் மனைவி மேரி கார்வர். 1841-இல் திருமணம், 1845-இல் தூத்துக்குடியில் இறந்துபோனார். நான்கே ஆண்டு. சாயர்புரத்து வெயிலில் போப் பள்ளிக்கூடம் எழுப்பிய கதையைப் பேசுகிறபோது அந்தப் பெண்ணை யாரும் பேசுவதில்லை.

1849-இல் சென்னையில் இரண்டாம் திருமணம். ஹென்றியேட்டா பேஜ், சென்னையில் இருந்த வான் சோமரன் குடும்பத்துப் பெண். தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூரு, ஆக்ஸ்ஃபர்டு என்று கணவர் மாறிய ஊருக்கெல்லாம் குடும்பத்தை மூட்டை கட்டியவர். பிள்ளைகளில் மூன்று பேர் இந்தியப் பணியில் பெயர் பெற்றார்கள். ஜான் வான் சோமரன் போப் பர்மாவில் பதினேழு ஆண்டு கல்வித்துறை இயக்குநர். ஆர்தர் ரயில்வே பொறியாளர். தாமஸ் ஹென்றி மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியர். அப்பா குறளைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது மகன் சென்னையில் கண் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்க பாட்டிக்குப் பொரை எடுத்தது போப்பையர் மகனா இருக்குமோ?" என்று கிளம்பிவிட்டார். வருஷக் கணக்கு உதைக்கிறது என்று சொல்லியும் அவர் அதை விடவில்லை. ஒரு வரியைப் பறித்தோம், இன்னொன்றாவது அவருக்கு இருக்கட்டும் என்று நானும் மேலே வாதாடவில்லை. இப்படித்தான் கதைகள் பிறக்கின்றன போலிருக்கிறது.

போப் இறந்தபோது வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹென்றியேட்டாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் 1909-இல் அரசாங்கம் ஆண்டுக்கு ஐம்பது பவுன் உதவித்தொகை கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில், 1911 செப்டம்பரில், அவரும் இறந்தார். கணவரோடே புதைத்தார்கள். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்குச் சென்னை மெரினாவில் போப்புக்குச் சிலை வைத்தோம். இன்றும் அங்கே அவர் நிற்கிறார். ஹென்றியேட்டா சென்னையிலேயே கல்யாணம் செய்துகொண்ட பெண். ஆக்ஸ்ஃபர்டுக்கு மாலையோடு போகிற நம் ஆட்கள் மாலை போடுவது அவர் தலைமாட்டிலும்தான். ஒருவராவது அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமா ஊருக்குப் போனபின் சபையில் பேசும்போது மேரி, ஹென்றியேட்டா இரண்டு பெயரையும் சொன்னாராம். அந்தப் பழைய வரியையும் சேர்த்தே சொன்னார் என்று அத்தை போனில் சொன்னாள்.